கம்ப்யூட்டர் படிக்க கம்ப்யூட்டர் மார்க் வேண்டாமாம்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிக்கும்போது எங்க தெரு அண்ணன் ஒருவர் கேட்டார்: "தம்பி, பாப்பா பத்தாவது முடிச்சிட்டா. கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆகணும்ங்கறா. பயாலஜி குரூப்பா, கம்ப்யூட்டர் குரூப்பா?"

"இன்ஜினியரிங் சீட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதாண்ணே" என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

கட்-ஆஃப் மொத்தம் 200. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. நான் ப்ளஸ் டூ எழுதிய தொண்ணூறுகளில் நுழைவுத்தேர்வு 100-ம் சேர்ந்து 300. 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத்தேர்வு இல்லை. கோச்சிங் போக வசதியில்லாத பிள்ளைகளுக்கு அது நல்லதுதான். ஆனால் மிச்சமிருந்த 200-ஐ யாரும் தொடவில்லை. கணினி அறிவியல் மார்க்குக்கு அதில் இடமே கிடையாது.

இப்போதைய ப்ளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். ஃபங்ஷன், அல்காரிதம், பைத்தான், டேட்டாபேஸ் எல்லாம் இருக்கிறது. நாங்கள் பி.இ.யில் போய்த்தான் இதையெல்லாம் பார்த்தோம். இதை ஒரு வருஷம் ஊன்றிப் படித்த பிள்ளைக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கான கட்-ஆஃபில் அரை மார்க் கூட ஏறாது. அந்த அரை மார்க்கில்தான் இங்கே கல்லூரியே மாறிப்போகிறது.

வேதியியல் வீண் என்று சொல்லவில்லை. கெமிக்கலுக்கும் டெக்ஸ்டைலுக்கும் அது வேண்டும். எல்லாப் பிரிவுக்கும் ஒரே தரவரிசைப் பட்டியல் என்பதுதான் சிக்கல். கம்ப்யூட்டர் பிரிவுகளுக்கு மட்டும் தனிப் பட்டியல் போட்டு, வேதியியல், கணினி அறிவியல் இரண்டில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் குரூப் இல்லாத பள்ளிப் பிள்ளைகளுக்கும் நஷ்டமில்லை.

கணிதத்துக்கு 100 சரிதான். ஆனால் எங்கள் தொழிலுக்கு மிக நெருக்கமான தனிநிலைக் கணிதம், ப்ளஸ் டூ புத்தகத்தில் கடைசிப் பாடமாக, 12-வதாக நிற்கிறது. பரீட்சை நெருங்கும்போது அவசர அவசரமாக ஓட்டப்படுவது கடைசிப் பாடம்தானே?

அண்ணனிடம் கடைசியாகச் சொன்னது இது: "ஸ்கூல்ல கம்ப்யூட்டர் வாத்தியார் நல்லா நடத்துவார்னா அந்த குரூப்பே எடுக்கட்டும். சீட்டுக்கு உதவாது, படிப்புக்கு உதவும். ஆனா கெமிஸ்ட்ரிய விட்டுறாதீங்க, சீட்டு அதுலதான் இருக்கு."

சொல்லிவிட்டு எனக்கே சங்கடமாக இருந்தது. படிப்புக்கு ஒன்று, சீட்டுக்கு இன்னொன்று என்று ஒரு பதினைந்து வயசுப் பிள்ளையிடம் ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது?