பகைவன் தரப்பு வழக்கு

“வாப்பா, அவன் சொல்வதில் என்ன பிழை?” என்று என் இளைய மகன் கேட்டான். 2018ஆம் ஆண்டு வெளிவந்த ‘பிளாக் பேந்தர்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை வீட்டில் எல்லோருமாக அமர்ந்து பார்த்து முடித்த இரவு அது. அவன் கேட்டது கதாநாயகனைப் பற்றியன்று. கில்மாங்கர் என்னும் பகைவனைப் பற்றி. அரபு இலக்கணமும் தமிழ் யாப்பும் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எமக்குச் சூப்பர் ஹீரோ படங்களில் பெரிய பயிற்சி இல்லை. ஆயினும் வில்லனைக் குறித்து ஒரு பிள்ளை இவ்வாறு கேட்பானாயின், அக்கதையில் ஏதோ ஒன்று நேர்மையாகச் செய்யப்பட்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

அரபியில் காரணத்தைக் குறிக்கும் ‘ஸபப்’ என்ற சொல்லுக்குக் கயிறு என்பது மூலப்பொருள். கிணற்று நீரை எட்டுவதற்குக் கயிறு எப்படியோ, ஒரு விளைவை எட்டுவதற்குக் காரணம் அப்படி. கதையில் வரும் கொடியவனுக்கும் இஃது பொருந்தும். அவன் பட்ட காயம் ஒரு முனையிலும் அவன் செய்யும் கொடுமை மறு முனையிலும் இருக்க, இடையே அறுபடாத கயிறு ஓட வேண்டும். ஒரு முனையை இழுத்தால் மறுமுனை அசைய வேண்டும். உலகை ஆள விரும்புகிறான் என்று மட்டும் சொல்லிவிட்டு வெடிகுண்டை அவன் கையில் கொடுத்துவிடும் படங்களே மிகுதி. அங்கே கயிறு இல்லை. வாளி மட்டுமே உண்டு.

கில்மாங்கரின் கயிறு 1992ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் ஓக்லண்டு நகரில் தொடங்குகிறது. வக்காண்டா என்னும் கற்பனை ஆப்பிரிக்க நாடு, வைப்ரேனியம் என்ற அரிய உலோகத்தாலும் அதன் வழி வந்த தொழில்நுட்பத்தாலும் செழித்திருந்தும் உலகிற்குத் தன்னை ஏழையாகக் காட்டி ஒளிந்து வாழ்கிறது. அந்நாட்டு இளவரசன் என்ஜோபு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரத்தைக் கண்டு மனம் பொறாமல் ஆயுத உதவிக்கு வழி தேடுகிறான். அவனைக் கொல்பவர் அவனுடைய சொந்த அண்ணனாகிய அரசர் டிச்சாக்கா. கீழே தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்த மகனை அங்கேயே விட்டுவிட்டு அரசரின் வானூர்தி மறைகிறது.

அந்த மகனே கில்மாங்கர். அவனை அநாதையாக்கியவர் நாயகனின் தந்தை! பகைவனின் வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது நல்லவர் தரப்பு என்னும்போது, பார்ப்பவன் எளிதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. நாயகன் டிச்சாலாவாலும் முடியவில்லை. முன்னோர் உலகில் தன் தந்தையைக் கண்டு, நீங்கள் தவறிழைத்தீர்கள் என்று முகத்துக்கு நேரே கூறுகிறான்.

மேலும், அவனுடைய குற்றச்சாட்டு படத்துக்கு வெளியிலும் உண்மையாக இருக்கிறது. லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில், இப்பொருள்களை உங்கள் முன்னோர் விலை கொடுத்தா பெற்றனர் என்று அவன் கேட்கும் காட்சியை எண்ணிப் பார்க்க. அந்த அருங்காட்சியகம் கற்பனை, கேள்வி கற்பனையன்று. 1897இல் பெனின் அரண்மனையை ஆங்கிலப் படை சூறையாடி எடுத்துச் சென்ற வெண்கலச் சிற்பங்களில் பல இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளன. இயக்குநர் ரயன் கூக்ளர் ஓக்லண்டில் பிறந்தவர். அந்தத் தெருவின் வலி அவருக்குக் கேள்வி ஞானமன்று.

இதே 2018இல் வெளிவந்த ‘அவெஞ்சர்ஸ்: இன்பினிட்டி வார்’ படத்தின் தானோஸையும் பலர் இவ்வாறே புகழ்வர். எமக்கு உடன்பாடில்லை. மக்கள் பெருகி வளம் குன்றித் தன் கோள் அழிந்ததால், அண்டத்தின் உயிர்களில் பாதியை அழிக்க முனைகிறான் அவன். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2018இல் உலக மக்கள் தொகை ஏறத்தாழ 760 கோடி. அதில் பாதியை நீக்கினால் எஞ்சுவது 1970களின் தொடக்கத்தில் இருந்த தொகை. ஐம்பது ஆண்டுகூட ஆகாமல் அது மீண்டும் நிரம்பிவிட்டதே! தவிர, எதையும் ஆக்கவல்ல ஆற்றல் கையிலிருக்க, விளைச்சலை இரட்டிப்பாக்க அவனுக்குத் தோன்றாதது ஏன்? சித்திரக் கதையில் அவன் மரணம் என்னும் பெண்ணின் மீது கொண்ட காதலால் இக்கொடுமையைச் செய்தான் என்பர். அது பித்து, ஆயினும் பித்துக்கு ஒரு கயிறு உண்டு. படத்தில் அவனை நாம் நம்புவது ஒரே இடத்தில்தான்: வளர்ப்பு மகளைப் பலியிடும் முன் கண்ணீர் வடிக்கும்போது. அங்கே அவன் கணக்கை மறந்து தகப்பனாக நிற்கிறான்.

மீண்டும் கில்மாங்கரிடம் வருவோம். வக்காண்டாவின் ஆயுதங்களை உலகெங்கும் ஒடுக்கப்பட்டோர்க்கு அனுப்பி, ஆள்வோரைக் கொன்று, புதிய பேரரசு ஒன்றை நிறுவுவது அவன் திட்டம். இஃது எங்கே கற்ற பாடம்? அமெரிக்கப் படையில் பணியாற்றி, பிற நாட்டு அரசுகளைக் கவிழ்க்கும் கலையில் தேர்ந்தவன் அவன். எந்த ஆதிக்கத்தை வெறுத்தானோ அதன் மாணவனாகவே வளர்ந்திருக்கிறான். அவன் பிழை வெளியிலிருந்து ஒட்டவைக்கப்பட்டதன்று. அவன் வாழ்விலிருந்தே முளைத்தது.

ஆனால் படம் தன் பகைவனைக் கண்டு தானே அஞ்சிய இடமும் ஒன்று உண்டு. தன்னை நம்பி வந்த காதலியை அவன் சற்றும் தயங்காமல் சுட்டுக் கொல்கிறான். அரசரின் ஆற்றலுக்கு மூலமான மூலிகைத் தோட்டத்தை எரிப்பது பொருத்தமானதே. தனக்குப் பின் வேறு அரசன் வரலாகாது என்பவன் அதைச் செய்வான். காதலியின் கொலை அப்படிப்பட்டதன்று. இவன் கூறும் நியாயத்துக்கு நீங்கள் விடை தேட வேண்டியதில்லை, இவன் கொடியவன்தான் என்று நம் தோளைத் தட்டிச் சொல்வதற்காகச் சேர்த்தது அது. வழக்கை வாதத்தால் வெல்ல இயலாதவர் எதிரியின் நடத்தையைப் பழிப்பது நீதிமன்றங்களில் நாம் காண்பதுதானே?

மகனுக்கு அன்றிரவு, “அவன் முறையீடு சரி, கண்ட மருந்து தவறு” என்று விடை கூறினேன். ஆசிரியனுக்குரிய விடை. அவன் சற்று யோசித்தான்.

“அவன் வராமல் இருந்திருந்தால், டிச்சாலா கடைசியில் ஓக்லண்டுக்குப் போய் அந்தக் கட்டடங்களை வாங்கி உதவி நிலையம் திறந்திருப்பாரா, வாப்பா?”

திறந்திருக்க மாட்டார் என்றுதான் படம் சொல்கிறது. அதை அவனிடம் ஒப்புக்கொண்டேன். முதற் காட்சியை இன்னொரு முறை பார்க்கலாமா என்று கேட்டான், பார்த்தோம்.