காதல் கதைக்குள் எந்த நாயை விடுவது?

டிசம்பர் பாதி கடந்தால் ஹைதராபாத்தின் நாச்சாரத்தில் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கிவிடும். கிட்டார், டோலக், பஞ்சுத் தாடி ஒட்டிய ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா, பின்னால் சபையின் வாலிபர் கூட்டம். எச்.எம்.டி. நகர்ப் பக்கமோ தொழிற்பேட்டைச் சுவரை ஒட்டியோ அந்தக் கூட்டம் திரும்பினால் முதலில் எதிர்கொள்வது தெருநாய்கள்தான். பாடகர் குழுவில் பக்கத்தில் நின்றவர்களே பிறகு பீடத்தின் முன் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பது எந்தப் போதகருக்கும் தெரிந்த விஷயம். ஆக, கிறிஸ்துமஸ், காதல், நாய் மூன்றும் ஒரே சந்தில் இருக்கின்றன. என்.டி. ராமாராவ் 1976-இல் தொடங்கிய ராமகிருஷ்ணா ஸ்டூடியோவும் இதே நாச்சாரத்தில் இருப்பதால், படம் எடுக்க இடமில்லை என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் நாயை நடுவில் வைத்த கிறிஸ்துமஸ் காதல் கதை தமிழிலும் தெலுங்கிலும் ஒரு வகைமையாக வேர்பிடிக்கவில்லை.

அது வேர்பிடித்த இடம் வட அமெரிக்கா. டிக்கன்ஸ் 1843-இல் எழுதிய கிறிஸ்துமஸ் குறுநாவல், கல்நெஞ்சன் ஒரே இரவில் திருந்துவதைப் பண்டிகைக் கதைக்குரிய இலக்கணமாக ஆக்கிவிட்டது. 1979-இல் கனடாவின் ஜேனட் ஓக் எழுதிய 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' நாவலிலிருந்து, விசுவாசத்தையும் காதலையும் ஒரே நுகத்தில் பூட்டிய கிறிஸ்தவக் காதல் நாவல் தனிச் சந்தையானது. மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்தை நடத்தும் ஹார்லெக்வின் நிறுவனம் 1997-இல் 'லவ் இன்ஸ்பயர்ட்' என்ற வரிசையையே தொடங்கியது. படுக்கையறைக் கதவு சாத்தியே இருக்கும். நாயகனோ நாயகியோ இழந்த நம்பிக்கையை மீட்டாக வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டுக்குள் இருவரையும் நெருங்கவைக்க ஒரு சாக்கு தேவை. நாய் அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது: தொடலாம், கட்டிக்கொள்ளலாம், அதனிடம் மனம்விட்டுப் பேசலாம், மறுபேச்சு வராது.

கிரெக் கின்கெய்டின் 'எ டாக் நேம்ட் கிறிஸ்துமஸ்' (2008) கான்சாஸ் பண்ணை ஒன்றில் நடக்கிறது. பண்டிகை நாட்களுக்கு மட்டும் காப்பகத்து நாயை வீட்டுக்கு அழைத்துவரலாம் என்று அறிவிப்பு வர, மனவளர்ச்சி குன்றிய இளைஞன் டாட், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய தன் தகப்பனிடம் மன்றாடுகிறான். டபிள்யூ. புரூஸ் கேமரனின் 'தி டாக்ஸ் ஆஃப் கிறிஸ்துமஸ்' (2013) நாவலில் கொலராடோ மலைவீட்டில் தனியாக வாழும் ஜோஷிடம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கர்ப்பிணி நாயைத் தள்ளிவிட்டுப் போகிறார். அவனுக்கு உதவப்போய்க் காதலாகிறவள் விலங்குக் காப்பகத்தில் வேலை செய்யும் கெர்ரி.

இரண்டிலும் காப்பகம் இருப்பது தற்செயலில்லை. அமெரிக்காவில் இடம் நிரம்பினால் நாயைக் கொன்றுவிடும் காப்பகங்கள் உண்டு. கதைக்குள் ஓடும் கடிகாரம் அதுதான். கிறிஸ்துமஸுக்குள் வீடு கிடைக்காவிட்டால் முடிந்தது கதை என்ற பயம் பின்னால் நிற்பதால்தான் அந்த அணைப்புகளுக்குச் சூடு வருகிறது. விமர்சகர்கள் இந்நாவல்களைச் சர்க்கரைப் பாகு என்று ஒதுக்குவார்கள். அந்தப் பயத்தை மறந்து எழுதியவற்றுக்கு மட்டுமே அது பொருந்தும்.

இந்நாவல்கள் நாயைக் கொண்டாடினாலும் வேதாகமத்தில் நாய்க்கு நல்ல பெயர் கிடையாது. விதிவிலக்கு தோபித்து நூல். குருட்டுத் தகப்பனுக்காகப் பணம் மீட்கப் புறப்படும் தோபியாவுடன் வானதூதர் இரபேல் வேற்றுருவில் நடக்கிறார். கூடவே ஒரு நாயும் நடக்கிறது. ஏழு கணவர்களை மணவறையில் பறிகொடுத்த சாராவை மணந்து அவன் திரும்பும்போதும் பின்னால் அதே நாய். அது குரைப்பதில்லை, யாரையும் காப்பதில்லை, ஏன் வந்தது என்று நூல் சொல்வதுமில்லை. கத்தோலிக்கர்களின் திருவிவிலியத்தில் இந்நூல் உண்டு, புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் இல்லை. 1924 கிறிஸ்துமஸ் நாளில் மெதக் பேராலயத்தைப் பிரதிஷ்டை செய்த மெதடிஸ்ட் மரபில் வந்த தெலங்கானாக் குடும்பங்களுக்கு, காதல் பயணத்தில் கூடவே வந்த இந்த நாய் அறிமுகமாகியிருக்க வாய்ப்புக் குறைவு.

நம் அகமரபு நாயை வைத்த இடமே வேறு. அகநானூற்றின் 122-ஆம் பாட்டில் பரணரின் தலைவி, இரவில் காதலனைச் சந்திக்கும் இரவுக்குறிக்குக் குறுக்கே நிற்பவர்களை ஒவ்வொருவராகச் சொல்லி அலுத்துக்கொள்கிறாள்: ஊர் தூங்கினால் தாய் விழித்திருப்பாள், தாய் தூங்கினால் காவலர் வருவார், காவலர் அடங்கினால் நாய் குரைக்கும், நாய் அடங்கினால் நிலவு காயும், பிறகு ஆந்தை, பிறகு சேவல். காவல் என்ற சொல்லுக்குள் தாயும் நாயும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வீட்டுக்கு விசுவாசமாக இருக்கும் நாய் காதலுக்கு எதிரி. கொலராடோ நாயோ வீட்டுக்காரனின் கதவைத் திறந்துவிட்டு அந்நியப் பெண்ணை உள்ளே அழைத்துவருகிறது. நம் மரபில் காதலுக்குத் தூது போக அன்னமும் கிளியும் நெஞ்சும் இருந்தன. நாயை யாரும் அனுப்பவில்லை.

அனுப்பியது இந்தி சினிமா. 1994-இல் வந்து, தெலுங்கில் 'பிரேமாலயம்' என்று ஓடிய 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' படத்தில், பிரேமுக்கு நிஷா எழுதிய கடிதத்தை டஃப்பி என்ற வெள்ளைச் சடைநாய் அவன் அண்ணன் ராஜேஷிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறது. நிச்சயித்த கல்யாணம் நின்று சரியான ஜோடி சேர்கிறது. நாய் தானாகச் செய்ததாகக் காட்டினால் யார் நம்புவார்கள்? கிருஷ்ணர் சிலையின் அருளைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார் சூரஜ் பர்ஜாத்யா. சிரிப்பு வந்தாலும், இந்தியக் கூட்டுக்குடும்பத்துக்குள் நாயைத் தூதனாக்க இதைவிடப் புத்திசாலித்தனமான வழி எனக்குத் தோன்றவில்லை.

வட அமெரிக்கக் கிறிஸ்துமஸ் நாவலுக்கு மிக அருகில் வருவது கிரண்ராஜின் கன்னடப் படம் '777 சார்லி' (2022). தமிழில் கார்த்திக் சுப்பராஜும் தெலுங்கில் ராணாவும் வழங்கினார்கள். தேசிய விருதும் வாங்கியது. மைசூரில் ஆலைத் தொழிலாளியாக யாரோடும் ஒட்டாமல் வாழும் தர்மா, நோயுற்ற லாப்ரடாருக்குப் பனியைக் காட்ட வடக்கே பயணம் போகிறான். விலங்குநல அதிகாரி தேவிகா அவன் மேல் மெல்லப் பரிவு கொள்கிறாள். தொழிற்பேட்டைத் தனியன், நாய், பனி எல்லாம் இருக்கின்றன. கிறிஸ்துமஸ் மரம்தான் பாக்கி. ஆனால் இயக்குநரின் மனமெல்லாம் நாயிடம். தேவிகா ஓரத்திலேயே நிற்கிறாள். சார்லி பனியில் இறந்து ஒரு குட்டியை விட்டுச்செல்வது உருக்கமான முடிவுதான், காதல் கதையின் முடிவல்ல.

மற்றவற்றை வேகமாகக் கடக்கலாம். 'தில் தடக்னே தோ'வில் புளூட்டோ கதை சொல்கிறது. 'ஓ மை டாக்' பார்வையற்ற ஹஸ்கி குட்டிக்கும் சிறுவனுக்குமான கதை. மலையாள 'வாலாட்டி' இரண்டு வீட்டு நாய்களையே காதலர்களாக்கி ஊரைவிட்டு ஓடவைத்தது. ஸ்ரீராம் ராகவனின் 'மெரி கிறிஸ்துமஸ்' (2024) பண்டிகை இரவில் விஜய் சேதுபதியையும் கத்ரீனா கைஃபையும் தமிழ் பேசிக் காதலிக்க வைத்தது. அதில் பிணம் உண்டு, நாயில்லை. லாப்ரடார், ஹஸ்கி, கோல்டன் ரெட்ரீவர் என்று நம் திரையின் செல்ல நாய்கள் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கும் ஜாதிகள். நெருங்கிய இரத்த உறவுக்குள் நடக்கும் இனச்சேர்க்கையால் வந்த நோயைப் பேசும் '777 சார்லி'க்கே கதாநாயகி லாப்ரடார்தான்.

அதனால்தான் 'பரியேறும் பெருமாள்' (2018) தனியாக நிற்கிறது. மாரி செல்வராஜின் கருப்பி ஒரு வேட்டை நாய். படம் தொடங்கியதுமே ஆதிக்க சாதிக்காரர்கள் அதைத் தண்டவாளத்தில் கட்டிக் கொல்கிறார்கள். அதன்பிறகுதான் பரியன் திருநெல்வேலி சட்டக் கல்லூரிக்குப் போகிறான், ஜோவைச் சந்திக்கிறான். அந்தப் பெண்ணாக நடித்த ஆனந்தி வாரங்கல்காரர். தான் நேசிக்கிறாள் என்பதையே அறியாத வெள்ளந்தியான நேசம் அவளுடையது. அதற்கான அடியும் அவமானமும் முழுக்கப் பரியனுக்கு. அவனையும் அதே தண்டவாளத்தில் கிடத்தும்போது எழுப்ப வருவது செத்துப்போன கருப்பி. இரபேலும் தோபியாவின் நாயும் ஒரே உருவில் வந்த மாதிரி எனக்குப் பட்டது. இந்தக் காதல் கூடுவதில்லை. இரண்டு தேநீர்க் கோப்பைகளுக்கு அருகே அது நின்றுவிடுகிறது. ஆனாலும் நாய்க்கும் காதலுக்கும் உள்ள உறவை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன வேறொரு தமிழ்ப் படைப்பை நான் அறியேன். எந்தப் பெண்ணை நேசிக்கலாம், எந்த நாய் உயிரோடிருக்கலாம் என்ற இரண்டையும் தீர்மானிப்பது ஒரே கூட்டம்தான் என்று அது காட்டுகிறது.

ஹைதராபாத்துக்கென்று ஒரு நிஜக்கதையும் உண்டு. 1986-இல் 'மைதிலி என்னைக் காதலி' மூலம் தமிழுக்கு வந்து, 'அக்னி நட்சத்திரம்' வரை நம் கல்லூரிச் சுவர்களை நிறைத்த அமலா, 1992-இல் நாகார்ஜுனாவை மணந்து ஹைதராபாத் போனார். அதே ஆண்டு அங்கே புளூ கிராஸ் விலங்குநல அமைப்பைத் தொடங்கினார். அதற்கு முன்னோடியான சென்னை புளூ கிராஸை 1959-இல் நிறுவியவர் விமானி கேப்டன் சுந்தரம். நாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்று 1964 முதல் வாதாடிய அமைப்பு அது; 1990-களின் நடுவில்தான் மாநகராட்சி செவிசாய்த்தது. 2001-இல் அது நாட்டின் விதியாயிற்று: பிடி, கருத்தடை செய், தடுப்பூசி போடு, பிடித்த தெருவிலேயே திரும்ப விடு.

இந்த விதி கான்சாஸ் கதையின் கடிகாரத்தை நிறுத்திவிட்டது. இங்கே நாயைக் கிறிஸ்துமஸுக்குள் யாரும் மீட்க வேண்டியதில்லை. அது ஏற்கெனவே தெருவுக்குச் சொந்தம். டீக்கடை பன்னும் வாட்ச்மேனின் மிச்சச் சோறும் அதற்குப் போதும். ஒரே ஆளுக்கு விசுவாசமாக இருக்கும் அவசியம் இல்லாத நாயை வைத்து எப்படிக் காதல் கதை பின்னுவது? எனக்கு இது சுவாரசியமான சவாலாகவே படுகிறது: பாடகர் குழுவில் இரண்டு பேர் தனித்தனியே, ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே நாய்க்கு இரண்டு பெயர் வைத்துச் சோறு போடலாம்.

ஆனால் 2023 பிப்ரவரியில், நாச்சாரத்திலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள அம்பர்பேட்டையில், தகப்பன் காவலாளியாக வேலை பார்த்த இடத்திலேயே நான்கு வயதுச் சிறுவனைத் தெருநாய்கள் குதறிக் கொன்றன. கண்காணிப்புக் கேமரா பதிவை ஊரே பார்த்தது. டெல்லி நாய்களைக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டு 11-இல் இட்ட உத்தரவும், 22-ஆம் தேதி அதைத் திருத்தியதும் இதே பயத்துக்கும் பரிவுக்கும் நடுவே நடந்த இழுபறிதான். கேரல் பாடி வந்த பெண் குனிந்து ஒரு தெருநாயைத் தடவிக்கொடுக்கிறாள் என்று நாச்சாரத்தில் ஒருவர் எழுதினால், எதிர்வீட்டு வாசலில் பேரனைப் பின்னால் இழுத்துக்கொண்டு கையில் தடியோடு நிற்கும் பாட்டியையும் அதே பத்தியில் எழுதியாக வேண்டும்.