சிலம்பேந்திய கண்ணகி: ஒரு மரபுச் சித்திரமும் இற்றைப் பார்வையாளரும்

தமிழிலக்கியம் வரைந்த பெண் சித்திரங்களுள் கண்ணகியின் சித்திரம் போன்று பன்முறை மீளத் தீட்டப்பட்டவை மிகச் சிலவே. ஏட்டிலிருந்து கூத்துக் களரிக்கும், பின்னர் திரைக்கும், 1968 இல் சென்னைக் கடற்கரைக்கும் அது பெயர்ந்தது. அக்கடற்கரைச் சிலை 2001 இல் அகற்றப்பட்டு 2006 இல் மீள நிறுவப்பட்டமை, இச்சித்திரம் வெறும் அழகியற் பொருளன்று என்பதற்குச் சான்றாகும். இன்று யாழ்ப்பாணத்துப் பார்வையாளர் முன் கண்ணகியை நிறுத்த விழையும் கலைஞர் எந்தக் கண்ணகியை நிறுத்துகின்றனர் என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா.

ஈழத்தில் கண்ணகி முதன்மையாக வழிபாட்டுக்குரியவள். மட்டக்களப்பில் வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரை படிக்கப்படுகின்றது. சிங்கள மக்கள் அவளைப் பத்தினித் தெய்வமாகப் போற்றுவர். யாழ்ப்பாணத்திலோ மட்டுவில் போன்ற இடங்களில் அவ்வழிபாடு நிலைத்திருப்பினும், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சைவ மறுமலர்ச்சி அதனை ஏற்கவில்லை. மானிடப் பெண், அதுவும் சமணச் சார்புடைய வணிகக் குலத்தவள், தெய்வமாதலை நாவலர் கண்டித்தார். கண்ணகி கோயில்கள் பல இராசராசேசுவரி முதலிய பெயர்களுடன் ஆகம நெறிக்கு மாற்றப்பட்டமையை ஆய்வாளர் சுட்டுவர். அரசனை வழக்கிற்கிழுத்தவள் அரசர்க்கரசியாகப் பெயர் மாற்றம் பெற்றமை தற்செயலானதன்று. நிலவுடைமையாளரின் கருத்தியலுக்கு வழக்காடும் பெண் வேண்டியிருக்கவில்லை; அமர்ந்து அருள்பாலிக்கும் பெண்ணே வேண்டியிருந்தாள்.

இதற்கு மறுதலையாக, கண்ணகியைப் புரட்சிப் பெண்ணாகக் காட்டும் போக்கும் நம்மிடையே உண்டு. கற்பரசி என்னும் படிமத்திலிருந்து நீதி கேட்பவள் என்னும் படிமத்திற்கு நகர்வது முற்போக்கானதே. ஆயினும் அது போதாது. காப்பியத்தை அதன் முழுமையில் நோக்குவோமாயின் சங்கடமான இரு செய்திகள் எதிர்ப்படும். மதுரையை எரிக்கும் தீக்கு அவள் விதிக்கும் விலக்குப் பட்டியலில் பார்ப்பனரும் அறவோரும் பசுவும் பத்தினிப் பெண்டிரும் மூத்தோரும் குழந்தைகளும் இடம்பெறுகின்றனர். மாதவி போன்ற கணிகையர்க்கெனத் தனியிடமில்லை. இரண்டாவது செய்தி இதனினும் கொடிது. பின்வந்த பாண்டியன் வெற்றிவேற்செழியன் அவள் சினந்தணிய ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் எனக் காப்பியமே கூறுகின்றது. ஒரு பொற்கொல்லனின் வஞ்சத்திற்கும் ஓர் அரசனின் ஆராயாத் தீர்ப்புக்கும் கைவினைஞர் கூட்டமொன்று உயிரால் விலை செலுத்திற்று; அரச நிறுவனமோ புனிதம் பெற்று நிலைத்தது. இப்பலியை மறைத்துக் கண்ணகியைப் புரட்சியாளராக்கும் அரங்கு, கோயிலின் பெயரை மாற்றியவர் செய்த காரியத்தையே வேறு திசையிற் செய்வதாகும்.

இவ்வினா எமது மண்ணில் ஏட்டுச் சுரைக்காயன்று. 1984 இல் அன்னையர் முன்னணியினர், கைதான இளைஞரின் விடுதலை கோரி யாழ்ப்பாணக் கச்சேரியை நோக்கிச் சென்றனர். 2017 முதல் வடக்கு, கிழக்கில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் நிழற்படங்களைக் கையிலேந்தித் தெருவோரம் அமரலாயினர். கண்ணகியின் கையிலிருந்த சிலம்பு உடைந்ததும் உண்மை தெறித்தது. கேட்ட அரசன் உயிர்துறந்தான். தவறுணர்ந்து மாளும் மன்னன் நிலப்பிரபுத்துவக் காப்பியத்தின் கனவு. நவீன அரசுக்கு அத்தகைய நெஞ்சமில்லை. அதற்கு ஆணைக்குழுக்களும் கோவைகளுமே உண்டு. நிழற்படமேந்திய தாயைக் கண்ணகியென விளிப்பது எளிது. அவ்விளிப்பு அவளை மீண்டும் பீடத்தில் ஏற்றிவிடும் ஆபத்தும் உண்டு. பீடத்திலிருப்பவளுக்கு எவரும் பதில் கூறவேண்டியதில்லை.

எனவே இற்றைக் கலைஞர் பணி கண்ணகிக்குப் புதிய ஒப்பனை செய்வதன்று. சிலம்பேந்திய கையுடன், பலியான ஆயிரவரையும் அதே மேடையில் நிறுத்துதல் வேண்டும். நீதி கேட்டவளுக்கு அரசு எதனை நீதியெனக் கொடுத்தது என்பதைப் பார்வையாளர் அப்போதுதான் காண்பர். வழிபடுவதற்கும் கைதட்டுவதற்கும் அப்பால் சிந்திக்கும் பார்வையாளரை உருவாக்கும் மறுவாசிப்பே வரலாற்று நேர்மையுடையது.