வலியை மறக்க ஒரு பனிப் பள்ளத்தாக்கு

தீக்காயம் பட்ட குழந்தைக்குக் கட்டு மாற்றுவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? நெருப்புச் சுட்டது ஒரு முறைதான். ஆனால் கட்டைப் பிரித்துப் புண்ணைக் கழுவும் வேதனையோ, புண் ஆறும்வரை திரும்பத் திரும்ப வருகிறது. முதல் நாள் பட்ட துன்பத்தை நினைத்தே மறுமுறை வாசலிலேயே குழந்தை அலறத் தொடங்கிவிடும். அச்சம் சேரும்போது வலியும் பெருகுகிறது.

இத்துன்பத்தைக் குறைக்க அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்னும் உளவியலார் இருவர் 1996-இல் ஒரு முயற்சியைத் தொடங்கினர். அதில் உருவானதே ‘ஸ்னோ வேர்ல்டு’ என்ற கணிப்பொறி விளையாட்டு. கண்களை மறைக்கும் திரைக்கருவி ஒன்றை நோயாளிக்கு மாட்டுகிறார்கள். உடனே அவர் ஒரு பனிப் பள்ளத்தாக்கில் மிதந்து செல்கிறார்; பனி மனிதர்கள்மீதும் பெங்குயின்கள்மீதும் பனி உருண்டைகளை எறிகிறார். காயமும் கத்தரியும் அவர் கண்ணில் படுவதில்லை.

இது வெறும் வேடிக்கையன்று. வலிச் செய்தி மூளையை எட்டுமுன் தண்டுவடத்தில் ஒரு ‘வாயிலை’க் கடக்க வேண்டும் என்றும், மனநிலையும் கவனமும் அவ்வாயிலைத் திறக்கவோ மூடவோ வல்லவை என்றும் மெல்சாக், வால் என்ற அறிஞர்கள் 1965-இல் விளக்கினர். ஸ்னோ வேர்ல்டில் ஈடுபட்டவர்களின் மூளையில் வலி சார்ந்த பகுதிகளின் இயக்கம் தணிவதை 2004-இல் வெளியான ஆய்வு படம்பிடித்தது. ஒரே காட்சியைச் சிலருக்கு விளையாடவும் சிலருக்குப் பார்க்க மட்டுமே கொடுத்தும் சோதித்தனர். விளையாடியவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்தது.

அப்படியானால் ஊர்தோறும் இக்கருவியை வாங்கிவிடலாமா? சற்றுப் பொறுங்கள். காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 4 முதல் 18 வயது வரையுள்ள 1008 பேர் பங்குகொண்ட 17 ஆய்வுகளை அலசியது. சான்றுகளின் தரம் குறைவு, உறுதியாக எதுவும் கூற இயலாது என்பதே அதன் முடிவு. கருவிக்கு வேறு குறைகளும் உண்டு. முகத்தில் காயமுள்ள குழந்தைக்கு அதை மாட்டுவது கடினம். கைக்குழந்தைக்கு அது பயன்படாது. தாயின் முகத்தையும் அது மறைத்துவிடுகிறது. வலி மருந்துக்குத் துணையாகுமேயன்றி, மருந்துக்கு மாற்றாகாது.

இன்னொன்றும் உண்டு. திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்து வறண்ட பூமியில் வளரும் குழந்தைக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளிதான். வெண்பனி மலையைக் காட்டிலும், கண்மாய் நிரம்பி மறுகால் பாயும் காட்சி அதன் மனத்தைக் குளிர்விக்கலாம். கருவியை வாங்குவோர் இதனையும் எண்ண வேண்டும்.

ஆனால், குழந்தையின் கைக்கும் மனத்துக்கும் வேலை கொடு என்ற அடிப்படைக்குக் கணிப்பொறி கட்டாயமில்லை. புதன்கிழமைகளில் நம் சுகாதார நிலையங்களில் தடுப்பூசி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஊசியின்போது தாய் பால் கொடுக்கலாம். குழந்தையை மடியில் நிமிர்த்தி அணைத்துக்கொள்ளலாம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையின் கவனத்தை வேறு ஒன்றில் திருப்பலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. இவற்றுக்குச் செலவே இல்லை.

நாம் செய்வது என்ன? “சாப்பிடாவிட்டால் ஊசி போடச் சொல்வேன்” என்று வீட்டில் மிரட்டுகிறோம். அங்கே போனதும் “வலிக்கவே வலிக்காது” என்று பொய் சொல்கிறோம். வலித்த பிறகு குழந்தை யாரை நம்பும்? இப்படி நாமே வளர்த்துவிட்ட அச்சத்தை எந்தத் திரைக்கருவியும் முழுதாகத் துடைக்காது.

தீக்காயப் பிரிவுகளில், போதிய வலி மருந்தும் பயிற்சி பெற்ற செவிலியரும் இருக்குமிடத்தில், இக்கருவியைச் சோதித்துப் பார்ப்பது தகும். மாணவர்களே, உங்களால் இப்போதே ஆகக்கூடியதும் ஒன்று உண்டு. அடுத்த முறை தம்பியையோ தங்கையையோ ஊசிக்கு அழைத்துச் செல்லும்போது, பனையோலைக் காற்றாடி ஒன்று செய்து எடுத்துச் செல்லுங்கள். “சுருக்கென்று இருக்கும், சீக்கிரம் போய்விடும்” என்று உண்மையைச் சொல்லுங்கள். ஊசி இறங்கும் நேரத்தில் காற்றாடியை ஊதிச் சுழற்றச் சொல்லுங்கள்.