மந்திரமா? மொழியா?

பொருள் புரியாமல் ஓதப்படும் சொல்லை மந்திரம் என்கிறோம். ஓதுபவனுக்கும் விளங்காது, கேட்பவனுக்கும் விளங்காது. விளங்காத காரணத்தாலேயே அதற்கு மதிப்பு! பகுத்தறிவுப் பாதையில் நடக்கும் நாம் இதனைக் கண்டு நகைக்கிறோம். நகைப்பது முறையே. ஆனால், தோழர்களே, நம் ஊர்த் தொடக்கப்பள்ளியின் சன்னலோரம் சற்றே நின்று கேளுங்கள். 'நவுன்' என்றால் என்ன, 'வெர்ப்' என்றால் என்ன என்பதற்கான ஆங்கில வரையறைகளை நாற்பது இளங்குரல்கள் ஒரே இராகத்தில் ஒப்பிக்கும். ஒப்பித்து முடித்த சிறுவனை அழைத்து, "உன் பெயர் நவுனா, வெர்ப்பா?" என்று கேளுங்கள். திருதிருவென விழிப்பான். இதற்கும் அந்த மந்திரத்திற்கும் என்ன வேற்றுமை?

இந்த ஓதலுக்கு ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலச் சொற்களை எட்டாகவும் ஒன்பதாகவும் கூறுபோடும் முறை ஆங்கில மண்ணில் முளைத்ததன்று. கிரேக்க, இலத்தீன் இலக்கணங்களுக்காக வார்க்கப்பட்ட அச்சு அது. 1762-இல் இராபர்ட் லௌத்தும், 1795-இல் லிண்ட்லி மர்ரேயும் வெளியிட்ட ஆங்கில இலக்கணங்கள் அந்த மரபின் நிழலிலேயே நடந்தன. தொல்காப்பியம் சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுத்தது. அந்த நான்கையும் இலண்டன் நகரச் சிறுவனின் தலையில் ஏற்றி, "உன் மொழியை இதற்குள் அடக்கு" என்றால் அவன் என்ன பாடுபடுவான்!

நம்மிடையே பெரும்பெயர் பெற்ற ரென் - மார்ட்டின் இலக்கணநூல் அதே மரபின் வாரிசு. நூலின்மீது பழி சுமத்துவது நேர்மையாகாது. உயர்நிலைப் பள்ளிக்கு உரியது என்பதை அதன் தலைப்பே அறிவிக்கிறது. அதுவும் வாக்கியத்தை முன்வைத்த பின்னரே சொல்வகைக்கு வருகிறது. வளர்ந்த மாணவனுக்கு வகுத்த வரையறையைக் கிழித்தெடுத்து, எட்டு வயதுக் குழந்தையின் வாயில் திணித்தவர் யார்? ஆசிரியர்களாகிய நாமன்றோ!

குழந்தை வெறுங்கையோடு வகுப்பிற்குள் நுழைவதில்லை. ஒரு முழு மொழியின் இலக்கணத்தை நாவில் ஏந்தியே நுழைகிறது. "இது பந்து" என்பது தமிழில் முற்றுப்பெற்ற வாக்கியம். பெயரே அங்குப் பயனிலை. அந்தப் பழக்கத்தில் குழந்தை "திஸ் பால்" என்று எழுதுகிறது. ஆசிரியரின் சிவப்பு மை பாய்கிறது. அந்தப் பிழை மடமையால் விளைந்ததா? இல்லை. தாய்மொழியின் நெறியை வழுவாது பின்பற்றியதால் விளைந்தது! "வந்தான்" என்ற ஒரு சொல்லிலேயே வந்தவன் ஆண் என்பதும், ஒருவன் என்பதும் அடங்கிக் கிடக்கின்றன. ஆங்கிலத்தின் 'கேம்' அதைச் சொல்லாது. 'ஹீ' முன்னே நின்றாக வேண்டும். "மேசைமேல்" என்னும்போது நமக்கு 'மேல்' பின்னால் வருகிறது; அவர்களுக்கு 'ஆன்' முன்னால் வருகிறது. இந்த வேறுபாடுகளை எடுத்துக்காட்டினால் குழந்தைக்குக் கண் திறக்கும். வரையறைகளை ஓதினால் கண் மூடும்.

எல்லாவற்றினும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. "பூனை எலியைத் துரத்தியது" என்றாலும், "எலியைப் பூனை துரத்தியது" என்றாலும் ஓடுவது எலிதான். 'ஐ' என்னும் உருபு அதைக் காக்கிறது. ஆங்கிலத்தில் அத்தகைய உருபு இல்லை; சொல் நிற்கும் இடமே உருபின் வேலையைச் செய்கிறது. 'கேட்', 'சேஸ்ட்', 'ரேட்' என மூன்று அட்டைகளை மூன்று பிள்ளைகளிடம் கொடுத்து வரிசையாக நிறுத்துங்கள். முதல்வனையும் மூன்றாமவனையும் இடம் மாற்றுங்கள். எலி பூனையைத் துரத்தத் தொடங்கிவிடும்! வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பில் ஆங்கில வாக்கியத்தின் அடிப்படை விதி பதிந்துவிடும்.

வரையறையை விட்டு வாக்கியத்தைப் பற்றும் முயற்சி இங்கே புதிதன்று. 1950-களின் இறுதியில் அன்றைய சென்னை மாநிலத்தில், தொடக்க நிலை ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு வாக்கிய அமைப்பு முறையில் மறுபயிற்சி அளிக்கும் பெரும்பணி மேற்கொள்ளப்பட்டது. பயிற்சி பெற்றவர் பிறருக்குப் பயிற்சி தர, அது உருண்டு பெருகும் என்று நம்பி 'பனிப்பந்து' என்றே பெயரிட்டனர். நோக்கம் நன்று. ஆனால் நடைமுறையில் என்ன ஆயிற்று? எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, "இது புத்தகம்" என்று ஆங்கிலத்தில் நூறுமுறை சொல்வதும் நாளடைவில் மற்றொரு மந்திரமாயிற்று. தெரிந்ததையே சொல்லும் வாக்கியத்தில் சிந்தனைக்கு ஏது வேலை?

இந்தக் குறையைக் கண்டவர் என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்களின் பள்ளிகளில் அவர் வேறு வழியைச் சோதித்தார். வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது, தொடர்வண்டி நேர அட்டவணையைப் பார்த்து விடை சொல்வது போன்ற பணிகளை ஆங்கிலத்தில் கொடுத்தார். கருத்து பொருளில் ஊன்றியிருக்கையில் இலக்கணம் தானே உள்ளே இறங்கும் என்பது அவர் கொள்கை. 1985-இல் வெளியான மதிப்பீட்டில், வாக்கிய அமைப்பை மட்டும் அளந்த தேர்வு பழைய முறை மாணவருக்கே சாதகமாயிற்று. சூழலுக்கேற்ப இலக்கணத்தைக் கையாள்வதிலும், சொல்லக் கேட்டு எழுதுவதிலும் புதிய முறை மாணவரே முந்தினர்.

"அப்படியானால் இலக்கணமே வேண்டாமா?" எனச் சிலர் சினக்கலாம். வேண்டும், ஐயா, வேண்டும்! பொருளைக் காட்டிவிட்டுப் பெயரைச் சொல்லுங்கள் என்பதே நம் வேண்டுகோள். பூனையையும் எலியையும் இடம் மாற்றி விளையாடிய பிள்ளையிடம், "முன்னே நின்று செயல் புரிந்தது எழுவாய்" என்று பிறகு கூறுங்கள். பற்றிக்கொள்ளும். விளையாடாத பிள்ளையிடம் கூறினால், அது செவியில் மோதிச் சிதறும்.

இது வெறும் பாடமுறைப் பூசல் அன்று. ஆங்கிலம் புழங்கும் வீட்டுப் பிள்ளைக்கு மந்திரப்பாடம் கேடு செய்யாது. வாக்கியம் அதற்கு வீட்டிலேயே கிடைத்துவிடும். களத்துமேட்டிலிருந்தும் தறிக்கூடத்திலிருந்தும் வரும் பிள்ளைக்கு வகுப்பறை ஒன்றே வாயில். அங்கும் மந்திரமே கிடைத்தால், ஆண்டுதோறும் ஆங்கிலம் படித்தும் ஒரு விண்ணப்பம் எழுத அடுத்தவன் வீட்டுத் திண்ணையில் அது காத்துக்கிடக்கும். 1968-இல் தமிழும் ஆங்கிலமும் போதும் என்று இந்நாடு உறுதி பூண்டது. அந்த ஆங்கிலம் ஏழைப் பிள்ளையின் கையில் கருவியாக வேண்டாமா?

மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களே, நாளை மூன்று அட்டைகளோடு செல்லுங்கள். "ஒப்பி" என்பதை ஒருநாள் விடுத்து, "இடம் மாற்றிப் பார், என்ன ஆகிறது, சொல்" என்று கேளுங்கள். கேள்வி கேட்கும் வகுப்பில் மந்திரம் வாழாது, மொழி வளரும்!