பூ வேண்டாம் என்றவருக்கு ஒரு பூ

1951இல் பின்லாந்தில் மரிமெக்கோ என்ற துணி நிறுவனத்தைத் தொடக்கியவர் ஆர்மி ராட்டியா. 1964இல் அவர் ஒரு கட்டளை போட்டார்: எங்கள் துணியில் பூ வரக்கூடாது. பூவின் அழகு செடியிலேதான், அச்சில் அல்ல என்பது அவர் கட்சி. அங்கே வடிவங்கள் வரைந்துகொண்டிருந்த மையா இசோலா அதே ஆண்டில் கொண்டுவந்து வைத்ததோ பூ! பெயர் 'ஊனிக்கோ', பொப்பிப்பூ என்று பொருள். ராட்டியாவும் அதை ஏற்றுக்கொண்டார்.

இதைப் பெரும்பாலும் ஒரு கலகக் கதையாகவே சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது அரைவாசி உண்மையாகத்தான் படுகிறது.

துணியைச் சற்றுப் பாருங்களேன். சாதாரணப் பூச்சீத்தையில் பூ சிறிதாக, நிழலும் நரம்புமாக, மெய்ப்பூவைப் போலவே இருக்கப் பாடுபடும். ஊனிக்கோவில் அந்தப் பாடு எதுவும் இல்லை. தட்டையான நிறம், ஒழுங்கில்லாத ஓரம், நடுவிலே கறுப்பு, தலையளவுக்கு மேலான இதழ். தோட்டத்தில் தேடினால் இந்தப் பூ கிடைக்காது.

இசோலாவுக்கு மெய்ச்செடி தெரியாமலில்லை. 1950களின் பிற்பகுதியில் 'லூவோந்தோ' வரிசைக்கு அவர் உண்மையான செடிகளின் உருவையே துணிக்குக் கொண்டுவந்தவர். 1956இன் 'கிவெத்'தில் பெரிய வட்டங்களைக் கல்லாக்கியவரும் அவரே. அந்தக் கற்களின் துணிவுதான் எட்டு ஆண்டுகளுக்குப் பின் பூவாகியிருக்கிறது. ராட்டியா வெறுத்தது பூவை அல்ல, பூவின் பிரதியை. அப்படிப் பார்த்தால் இசோலா கட்டளையின் சொல்லை மீறி, அதன் பொருளைக் காப்பாற்றிவிட்டார்.

ஆகவே என் குறை இன்றைய நிலைமேல்தான். அதே பூ இப்போது கோப்பையிலும் குடையிலும் கைப்பையிலும் வருகிறது. விற்பனைக்கு அது நல்லது, சரி. ஆனால் அந்த வடிவத்தின் உயிர் அதன் அளவிலே இருந்தது. சுவரை மறைக்கும் திரையில், நடக்கிற உடம்பில், பூ முழுதாக அகப்படாமல் வெட்டுப்பட்டு நிற்கும். பார்க்கிறவர் மிச்சத்தை மனதால் நிரப்ப வேண்டும். கோப்பையிலோ அது உள்ளங்கைக்குள் அடங்கிப்போகிறது. அடங்கியதும், ராட்டியா விலக்க நினைத்த அதே அலங்காரப் பூவாக மாறிவிடுகிறது.

இசோலா ஐந்நூறுக்கும் மேற்பட்ட வடிவங்கள் வரைந்தவர். அவரை அறிய விரும்புகிறவர்கள் கோப்பையை வைத்துவிட்டு, நாலு முழத் துணியை விரித்துப் பார்க்கட்டும்.