ஆளோலை வழக்கு

சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையைத் திருவருளின் திறமென்று மட்டுமே படித்துப் பழகிவிட்டோம். சேக்கிழார் அதனை ஓர் அடிமை வழக்காகவே எழுதியிருப்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. 12ஆம் நூற்றாண்டிலே சோழனுக்கு அமைச்சராயிருந்தவரென மரபு கூறும் அப்புலவருக்கு வழக்காடும் முறை நன்கு தெரிந்திருந்தது.

புத்தூர் மணப்பந்தருள் நுழையும் முதிய வேதியர், நம்பியாரூரரின் பாட்டன் தம் வழித்தோன்றல்களையும் உட்படுத்தி எழுதிய அடிமையோலை தம்மிடமுண்டென்கிறார். மணமகன் அதைப் பறித்துக் கிழிக்கிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி மூன்றில் ஒன்றைக் காட்டுக என்கின்றனர் சபையார். கிழிந்தது படியோலையாம், மூலவோலை கிழவரின் கையிலேயே இருக்கிறது! பாட்டனின் வேறோர் எழுத்தை வருவித்து ஒப்புநோக்குகின்றனர். நம்பி தோற்றார்.

இங்கு மனங்கொள்ள வேண்டியது நம்பியின் எதிர்வாதம். அந்தணன் இன்னோர் அந்தணனுக்கு அடிமையாவதுண்டோ என்பதே அவர் கேள்வி. சபையாரும் அத்தகைய வழக்கம் இல்லையென்றே முதலில் வியக்கின்றனர். மனிதன் மனிதனுக்கு அடிமையாகலாமோ என்று அப்பேரவையில் ஒருவர்தானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சேக்கிழாரின் காலத்துக் கேட்போருக்கு அது விளங்கியிராது. 1201இல் பஞ்சந்தாங்காத வேளாளன் ஒருவன் தன்னையும் தன் இரு பெண்மக்களையும் 110 காசுக்குத் திருப்பாம்புரம் கோயிலுக்கு விற்றதைக் கல்வெட்டே கூறுகிறது. அவனையும் ஆட்கொண்டது கோயில்தான்; ஆனால் அவனைப் பாட ஒரு புராணம் எழவில்லை.

இப்பகுதியை வகுப்பிலே நடத்தியபோது, "பாட்டன் எழுதினால் பேரனை எப்படிக் கட்டும், சேர்?" என்றான் பின்வாங்கிலிருந்த மாணவனொருவன். உரையாசிரியர்கள் கேளாத கேள்வி! அருளென்று சொல்லி அவனை அமர்த்தியிருக்கலாம், மனம் வரவில்லை. 1707இல் ஒல்லாந்தர் சட்டமாக்கிய தேசவழமையை எடுத்துக் காட்டினேன். கோவியர், சாண்டார், பள்ளர், நளவரை அடிமைகளென வகுத்த அந்நூல், இருவேறு உடையாரின் அடிமைகள் மணந்தால் பிள்ளைகள் தாயை உடையவனுக்கே உரியரென்றது. அங்கே ஓலைகூட வேண்டியதில்லை, பிறப்பே ஆவணம். 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது.

அவன் மீண்டும் கையை உயர்த்தினான். "அந்த நாலு பேரிலே சிலர் அதுக்குப் பிறகும் கோயிலுக்குள்ளே போக ஏன் சேர் சண்டை நடந்தது?" மணியடித்தும் வகுப்புக் கலையவில்லை.